நோட்டு அட்டையில் வெட்டிய பேக்கிங்

உப்பளத்து லைன் வீடுகளில் என்னோடு வளர்ந்தவர்களே, இதைக் கையில் எடுத்ததும் உங்களில் பாதிப் பேர் கண்ணாடியைத் தேடுவீர்கள். தேடி மாட்டிக்கொள்ளுங்கள். போன மாதம் ஒரு சாவு வீட்டில் கூடினோமே, அங்கே உங்களில் ஒருவர் என் அப்பாவைப் பற்றிச் சொன்னீர்கள். "நல்ல கை. குடிச்சே கெட்டான்." மற்றவர்கள் தலையாட்டினீர்கள். நானும் ஆட்டினேன். வீட்டுக்கு வந்தபிறகு சோறு இறங்கவில்லை. அதனால் எழுதுகிறேன். அழகாக எழுத எனக்கு வராது. நடந்ததைச் சொல்லத் தெரியும்.

எனக்கு அப்போது பத்து வயது. பங்குனி மாதம். உப்பு விளைந்து தள்ளுகிற நேரம். அளத்துக்கு ஒரே ஒரு டீசல் இன்ஜின்தான் இருந்தது. கடற்கழியிலிருந்து வாய்க்காலில் வரும் தண்ணீரை அதுதான் மேலே இறைத்துப் பாத்திகளுக்கு விடும். அதைப் பார்த்துக்கொள்வது அப்பாவின் வேலை. அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இன்ஜின்காரர் என்பார்கள். அந்தச் சத்தம் உங்களுக்கு நினைவிருக்கும். வீட்டில் படுத்திருந்தால் மண்தரை வழியாக முதுகில் தட்டும். அது நின்றுபோனால்தான், அதுவரை கேட்டுக்கொண்டிருந்தது தெரியும்.

அந்தப் பங்குனியில் அது நின்றது. உள்ளே பேரிங் உருகி ஒட்டிக்கொண்டது. காரணம் ஆயில் பம்ப். இன்ஜினின் அடியில் ஆயில் கிடக்கும். அதை உறிஞ்சி மேலே அனுப்புவது பம்ப். அது தேய்ந்துவிட்டது, ஆயிலைச் சரியாகத் தூக்கவில்லை என்று அப்பா இரண்டு மாதமாக முதலாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இன்ஜின் நின்றதும் முதலாளி சொன்னது வேறு.

"குடிச்சிட்டு ஆயில் ஊத்த மறந்துட்ட."

"ஐயா, ஆயில் இருக்குதுங்க. தொறந்து பாருங்க."

"இன்னாத்த பாக்கறது? உன் மூஞ்சியப் பாத்தாலே தெரியுது."

அப்பா குடிப்பார். அதை நான் மறைக்கவில்லை. காலையில் சாராயம் விற்கும் சவுக்குத் தோப்புக்குப் போய் ஒரு வாய் ஊற்றிக்கொண்டுதான் இன்ஜின் கொட்டகைக்கு வருவார். ஆனால் ஆயில் ஊற்ற மறந்தவர் இல்லை. எங்களுக்குச் சோறு மறந்திருக்கிறார். இன்ஜினுக்கு ஆயில் மறந்ததில்லை.

முதலாளி ஒரு நிபந்தனை போட்டார். அம்மன் கோயிலில் கயிறு கட்டிக்கொள்ள வேண்டும். நாற்பத்தெட்டு நாள் குடிக்கக் கூடாது. நம் பக்கம் எத்தனை பேர் கையில் அந்த மஞ்சள் கயிற்றைப் பார்த்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை பூசாரி அப்பாவின் வலது மணிக்கட்டில் கட்டினார். முதலாளி பக்கத்தில் நின்று பார்த்தார். "இது அறுந்தா உன் வேலையும் அறுந்துது. வீட்டையும் காலி பண்ணு" என்றார். வீடும் அவருடையது. அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டாள். அவள் வாய் என்ன முணுமுணுத்தது என்று எனக்குத் தெரியாது. முகம் கல்யாண வீட்டுக்கு வந்தவள் மாதிரி இருந்தது.

அதற்குள் திண்டிவனத்திலிருந்து மெக்கானிக் வந்து இன்ஜினைப் பிரித்திருந்தார். பிஸ்டன், லைனர், பேரிங், பம்ப் எல்லாம் புதிது போட்டுக் கட்டினார். மூன்று நாள் வேலை. அப்பாவைப் பக்கத்திலேயே விடவில்லை. "நீ தள்ளி நில்லுப்பா, சாமான் மேல ஊதிடாத" என்று சொல்லிச் சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அப்பா தள்ளிப் போய் நின்றார்.

திங்கட்கிழமை வேலை முடிந்தது. அப்பா ஹேண்டிலைப் போட்டுச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். கடினமாக இருந்தது.

"எங்கியோ புடிக்குது" என்றார்.

"புது சாமான்பா. டைட்டாத்தான் இருக்கும். ஓட ஓட விட்டுக் குடுக்கும்."

மெக்கானிக் கையைக் கழுவிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

ஓட்டியிருந்தால் கதை வேறு. பேரிங் மறுபடி போயிருக்கும், மெக்கானிக் மேல் பழி விழுந்திருக்கும், அப்பா வேலையில் இருந்திருப்பார். இதை நான் பல தடவை யோசித்திருக்கிறேன். ஆனால் அவர் ஓட்டவில்லை. இன்ஜினின் பக்கவாட்டில் இருந்த கதவைக் கழற்றினார். உள்ளே கையை விட்டு, பம்பைப் பிடித்திருந்த நாலு போல்ட்டையும் அரைச் சுற்று தளர்த்தினார். வெளியே வந்து சக்கரத்தைச் சுற்றினார். வழுக்கிக்கொண்டு சுற்றியது.

"பம்புதான்" என்றார். யாரிடமும் இல்லை. இன்ஜினிடம்.

செவ்வாய்க்கிழமை நான் பள்ளிக்கூடம் போகவில்லை. அப்பா போகவேண்டாம் என்றார். என் கை அவருக்குத் தேவைப்பட்டது. பழைய பம்ப், புது பம்ப் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்கை உருவி, பழைய பம்பின் ஷாஃப்ட் முனையில் வைத்து நகத்தால் கிள்ளி அடையாளம் வைத்தார். அதே ஈர்க்கைப் புது பம்பில் வைத்தார். புது ஷாஃப்ட் அடையாளத்தைத் தாண்டி நின்றது. நகத்தின் கனம்தான் தாண்டியது.

"பாத்தியா பாப்பா? இம்மாம் நீளம். இத உள்ள வெச்சு முறுக்கினா முனை போயி இடிக்கும். இடிச்சிக்கினே சுத்தினா ஒரு நாள்ல தின்னுடும்."

ஷாஃப்டை அரம் போட்டுத் தேய்க்கலாம். தவறினால் பம்ப் போயிற்று, வேறு பம்ப் இல்லை. இன்னொரு வழி, பம்புக்கும் இன்ஜினுக்கும் நடுவில் வைக்கும் பேக்கிங்கைக் கனமாக்குவது. மெக்கானிக் வைத்திருந்தது வெறும் காகிதம். கனமான அட்டை இரண்டு வைத்தால் நகக் கனம் வந்துவிடும். ஆனால் அளத்தில் ஏது அட்டை? உப்புக் காற்றில் காலண்டர் அட்டைகூட ஊறிப்போய்ப் பிய்ந்து வரும். காய்ந்த அட்டை ஒரே இடத்தில்தான் இருந்தது. என் தகரப்பெட்டிக்குள். அந்த வருடத்தில் எனக்கு வாங்கிய ஒரே பைண்டிங் நோட்டு. நீல அட்டை. முன்பக்கம் என் பெயரை டீச்சரே எழுதியிருந்தார்.

நானே எடுத்து வந்து கொடுத்தேன். அப்பா என்னைப் பார்த்தார். "அப்புறம் வாங்கித் தரேன்" என்றார். நான் கேட்கவே இல்லை.

பம்பின் முகத்தில் ஆயிலைத் தடவி அட்டையில் அழுத்தினால் அச்சு விழும். சுற்று வளைவு, நாலு போல்ட் ஓட்டை, ஆயில் போகிற ஓட்டை ஒன்று. அந்த ஓட்டை புளியங்கொட்டை அளவுதான். அச்சுப்படி அம்மாவின் கத்தரிக்கோலாலும் பிளேடாலும் நான் வெட்டினேன். அப்பாவின் கையால் முடியவில்லை. அவர் கை ஆடிக்கொண்டிருந்தது.

கயிறு கட்டிய மறுநாளே ஆட ஆரம்பித்தது. டம்ளர் பிடித்தால் தண்ணீர் சிந்தியது. உடம்பெல்லாம் வியர்த்தது. குடிக்கிறவன் திடீரென்று நிறுத்தினால் அப்படி ஆகும் என்று இப்போது எல்லோருக்கும் தெரியும். அன்று அந்த அளத்தில் ஒருவருக்கும் தெரியாது. கை ஆடினால் குடித்திருக்கிறான். அவ்வளவுதான் நமக்குத் தெரிந்த வைத்தியம்.

பேக்கிங் வெட்டுவதில் பெரிய சிரமம் இல்லை. மாட்டுவதுதான் சிரமம். பம்புக்குள் முதலில் ஆயிலை நிரப்ப வேண்டும். காலியாக மாட்டினால் காற்றைத்தான் உறிஞ்சும். நிரப்பிய பம்பின் மேல் பேக்கிங் இரண்டையும் கிரீஸ் தடவி ஒட்டவைத்து, ஒரு கையால் சாயாமல் தூக்கி, கண்ணால் பார்க்காமல் உள்ளே ஏற்றிப் பொருத்தி, அப்படியே பிடித்துக்கொண்டு மறு கையால் போல்ட்டைப் பிடிக்கவைக்க வேண்டும். நான் தூக்கிப் பார்த்தேன். கனம் தாங்கவில்லை, கையும் எட்டவில்லை.

அப்பா தூக்கினார். ஆயில் பாதி சிந்தியது. எப்படியோ மாட்டி, சக்கரத்தைச் சுற்றினார். இடிக்கவில்லை. கனம் சரி. இன்ஜினை ஓட்டினார். அதன் மேல் ஒரு சிவப்பு பட்டன் இருக்கும். பம்ப் ஆயிலைத் தூக்கினால் பட்டன் மேலே எழும்பும். நானும் அவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். எழும்பவில்லை. உடனே நிறுத்திவிட்டார்.

கழற்றினால், பேக்கிங் நகர்ந்து ஆயில் ஓட்டையை மூடியிருந்தது. என் பெயர் எழுதிய அட்டை கிழிந்து வந்தது. மீதி முன் அட்டையில் இன்னொரு ஜோடி வெட்டினேன். அதுவும் நகர்ந்தது. அதுவும் கிழிந்தது.

வரப்பில் உப்புக் கூடையோடு போன பெண்கள் கொட்டகையை எட்டிப் பார்த்தார்கள். அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, கூடையை இறக்காமலே கேட்டாள். "இன்னாடி, உங்கப்பன் இன்ஜினுக்குப் பிரசவம் பாக்கறானா? இன்னும் தலை தெரியலியா?"

"நீ வேணா வந்து புடியேன்" என்றார் அப்பா உள்ளேயிருந்து.

"நான் புடிச்சா ரெட்டப் புள்ள பொறந்துடும்பா. எனக்கு இன்னாத்துக்கு வம்பு."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அவர் சிரித்த நாட்களில் அதுவும் ஒன்று என்பதால் எழுதுகிறேன்.

சாயங்காலம் முதலாளி வந்தார். தண்ணீர் இல்லாமல் பாத்தி காய்ந்துகொண்டிருந்தது. மிதித்துப் பதம் செய்த தரை வெடித்துவிட்டால் அந்தப் பருவமே போயிற்று. அதனால் அவருக்கும் வயிற்றெரிச்சல். அப்பா ஸ்பேனரைப் பிடித்திருந்தார். அது இரும்பில் பட்டு டிக் டிக் என்று தட்டிக்கொண்டிருந்தது.

"இன்னாய்யா கை ஆடுது?"

"ஒண்ணுமில்லீங்க."

முதலாளி கயிற்றைப் பார்த்தார். அது இருந்தது. "நாளைக்கு மத்தியானத்துக்குள்ள தண்ணி பாயணும். இல்லேன்னா கிளியனூர்லேருந்து ஆளு வர்றான். பேசிட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

புதன்கிழமை காலை. பின் அட்டை மட்டும் மிச்சம். அதிலும் பாதி நேற்று சிந்திய ஆயிலில் ஊறிவிட்டது, ஒரு ஜோடிதான் வரும். வெட்டி முடித்துத் துணியில் வைத்திருந்தேன். அப்பா பம்பில் ஆயிலை நிரப்பித் தூக்கினார். கதவு வரைக்கும்கூடப் போகவில்லை. அவர் முழங்கை வரை ஆயில் வழிந்தது. கீழே வைத்தார். மறுபடி நிரப்பினார். மறுபடி வழிந்தது. பேக்கிங்கை அவர் தொடவே இல்லை. கிழிந்தால் வேறு இல்லை என்று அவருக்குத் தெரியும். தரையில் உட்கார்ந்து இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

அம்மா அளத்திலிருந்து வந்து பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு போனாள். திரும்பி வரும்போது மடியில் ஒரு சோடா பாட்டில் இருந்தது. அவளே சவுக்குத் தோப்புக்குப் போயிருக்கிறாள். வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

"இந்தா. ஒரே ஒரு டம்ளர்."

அப்பா பாட்டிலைப் பார்க்காமல் அவளைப் பார்த்தார். "வேணாம்டி. கயிறு இருக்குது."

"கயித்தப் பாத்தா தண்ணி பாயுமா? நேரம் போவுதுய்யா. கிளியனூரான் வந்துட்டா இன்னா பண்ணுவ? பட்டன் ஏர்ற வரைக்கும்தான். அப்புறம் போயி வேற கயிறு கட்டிக்கலாம். பாவம் என் தலைல விடியட்டும்."

என் கையிலிருந்த கத்தரிக்கோலை வாங்கினாள். அவர் கையை இழுத்தாள். கயிற்றை வெட்டினாள். அவர் கையைப் பின்னால் இழுக்கவில்லை. வேண்டாம் என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அந்த ஒரு தடவையை ஐம்பது வருடமாக வைத்துக்கொண்டிருக்கிறேன். இரண்டாவது தடவையும் சொல்லியிருக்கலாம். கோபம் அவர் மேலும் உண்டு.

குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்தார். பிறகு கையை நீட்டி, விரல்களை விரித்துப் பார்த்தார். ஆட்டம் நின்றிருந்தது.

அப்புறம் நடந்ததைப் பார்த்தவர்கள் நானும் அம்மாவும்தான். அப்பா பம்பை விளிம்பு வரை நிரப்பினார். அட்டை இரண்டையும் ஒட்டினார். சின்ன ஓட்டையின் மேல் சின்ன ஓட்டை உட்கார்ந்ததைச் சுண்டுவிரலால் தடவிப் பார்த்தார். தூக்கி உள்ளே கொண்டுபோனார். ஒரு சொட்டு சிந்தவில்லை. முகத்தை இந்தப் பக்கம் திருப்பி என்னைப் பார்த்துக்கொண்டே உள்ளே போல்ட்டைத் திருகினார். குழந்தைக்கு ஜாக்கெட் பட்டன் போடுகிற மாதிரி. நாலும் பிடித்தன. கதவை மூடி, ஆயிலை ஊற்றி, ஹேண்டிலைச் சுற்றினார். இன்ஜின் இருமியது. பிடித்தது.

சிவப்பு பட்டன் எழும்பியது. எழும்பி நின்றது.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். வாய்க்காலில் தண்ணீர் விழுந்த சத்தம் கேட்டு வரப்பில் பெண்கள் கூவினார்கள். மத்தியானத்துக்கு இன்னும் நேரம் இருந்தது.

நம் அளத்தில் ஒரு வழக்கம் உண்டு. இன்ஜினைப் பிரித்துக் கட்டி முதல் தண்ணீர் பாய்ந்தால், முதலாளி இன்ஜினுக்குப் பொட்டு வைத்துத் தேங்காய் உடைப்பார். இன்ஜின்காரருக்குப் புதுத் துண்டு போர்த்துவார். சத்தம் கேட்டதும் முதலாளி துண்டோடு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. தேங்காய் உடைத்தார். துண்டை இரண்டு கையால் விரித்துக்கொண்டு அப்பாவின் தோளுக்குக் கிட்டே வந்தார். வந்தவர் அப்படியே நின்றார். மூக்கை உறிஞ்சினார்.

"கயிறு எங்க?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா இன்ஜினைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். மூன்று பேரில் ஒருவர் வாயைத் திறந்திருந்தால் போதும். கத்தரிக்கோல் என் காலடியில் கிடந்தது. மஞ்சள் கயிறும் கிடந்தது.

"நேத்து கை ஆடினப்பவே எனக்குத் தெரியும்டா" என்றார் முதலாளி. "கயித்தக் கட்டிக்கினே குடிச்சிருக்க. அந்தக் கையோட என் இன்ஜின நோண்டினியா? நல்ல வேளை, டவுன் மெக்கானிக் போட்ட பம்பு. தாங்குது."

நேற்று அப்பா ஒரு சொட்டு குடித்திருக்கவில்லை. ஐந்து நாளாகக் குடிக்கவில்லை. அதனால்தான் கை ஆடியது. இதைச் சொல்ல எனக்குப் பத்து வயதில் தெரியவில்லை. தெரிந்திருந்தவளும் சொல்லவில்லை.

முதலாளி துண்டை மடித்தார். ஓரத்தோடு ஓரம் வைத்து நிதானமாக மடித்தார். கக்கத்தில் வைத்துக்கொண்டார். அம்மாவிடம் சொன்னார். "நீ உப்பு வார்ற வேலைல இரு. வீட்டுலயும் இரு. பொட்டப் புள்ளய வெச்சிருக்க. இவன் இங்க இருக்கக் கூடாது."

கிளியனூர்க்காரர் மறுநாள் வந்தார். அந்தத் துண்டு அவருக்குப் போனது.

அப்பா கீழ்புத்துப்பட்டு பக்கம் போனார். சவுக்கு வெட்டினார், குடித்தார், ஒரு மழைக்காலத்தில் செத்தார். உங்களில் சிலர் சாவுக்கு வந்தீர்கள். இன்ஜின் நன்றாக ஓடியது. நான் பெரியவளாகி அதே அளத்தில் கூடை தூக்கினேன். தினமும் கொட்டகையைத் தாண்டித்தான் போகவேண்டும். எட்டிப் பார்ப்பேன். பட்டன் மேலேயே நிற்கும். கிளியனூர்க்காரருக்கு ஒரு தடவைகூட அந்தக் கதவைத் திறக்க வேண்டி வரவில்லை. சந்தோஷமாகவும் இல்லை, வருத்தமாகவும் இல்லை. பார்த்துவிட்டுப் போய்விடுவேன். பிறகு மோட்டார் வந்தது. இன்ஜினைப் பழைய இரும்புக்கு ஏற்றினார்கள். அன்றைக்கு நான் அங்கே இல்லை.

அம்மாவிடம் ஒரே ஒரு தடவை கேட்டேன். எனக்குக் கல்யாணம் ஆன பிறகு. "ஏம்மா அன்னிக்கு நீ சொல்லல?"

அவள் மீன் அலசிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை. "சொல்லியிருந்தா என்னையும் சேத்துத் தொரத்தியிருப்பான். உனக்கு எவ சோறு போட்டிருப்பா?"

அவள் போட்ட சோற்றில்தான் வளர்ந்தேன்.

முதலாளியைத் திட்டலாம். மெக்கானிக்கைத் திட்டலாம். தலையாட்டிய உங்களையும் திட்டலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். ஒன்று பாக்கி இருக்கிறது. அதைச் சொல்லாமல் உங்களைத் திட்டினால் நான் யோக்கியம் இல்லை.

வியாழக்கிழமை பள்ளிக்கூடம் போனேன். நோட்டை நீட்டினேன். முன் அட்டையும் இல்லை, பின் அட்டையும் இல்லை. ஓரத் தாள்கள் ஆயில் பட்டுக் கருத்திருந்தன. டீச்சர் பிரம்பை எடுத்தார்.

"அட்டை எங்கடி?"

வெட்டி எடுத்தது நான். எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். டீச்சர் ஜன்னல் பக்கம் காதைக் கொடுத்திருந்தால் அது இருந்த இன்ஜின் சத்தமே கேட்டிருக்கும்.

"அப்பா குடிச்சிட்டுக் கிழிச்சிட்டாரு டீச்சர்" என்றேன்.

டீச்சர் பிரம்பைக் கீழே வைத்துவிட்டார். ஒரு கேள்வி கேட்கவில்லை. என் தலையைத் தடவிக் கொடுத்தார்.